டப்பா பூட்ச்சு, அண்ணாச்சி

செங்கொடிக்கு மனுஷங்களையே பிடிக்காது என்று காலடிப்பேட்டையில் சொல்வார்கள். அது அபாண்டம். அவளுக்கு மனிதர்களைப் பிடிக்கும், அவர்கள் கார் வாங்குகிற வரைக்கும்.

மெட்ரோ பாலத்துக்குக் கீழே, பஞ்சர் கடையை ஒட்டி, ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு ஒரு குழி, மேலே தகரக் கூரை, மூலையில் ஒரு கேஸ் வெல்டிங் செட். அதுதான் அவள் பட்டறை. சைலன்சரைத் தவிர வேறு எதையும் தொட மாட்டாள். இன்ஜினைப் பற்றி யாராவது கேட்டால், "அது வாய் நைனா. நான் பாக்கறது பின்னாடி" என்று சொல்லிவிட்டுக் குழியில் இறங்கிவிடுவாள்.

வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சங்கத்து ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பெண் பிறந்திருந்தாள். அந்த மனுஷனுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. பிற்பாடு எண்ணூரில் தொட்டி கட்டுகிற கம்பெனி ஒன்றில் பிசிறு தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வருஷம் தேய்த்தாள். வெல்டிங் பிடியை அவள் கையில் கொடுக்க அங்கே ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை. ஒருநாள் குறுகலான தொட்டி ஒன்றுக்குள் மேஸ்திரி இன்னாசியின் தொப்பை நுழைய மறுத்தது. செங்கொடி நுழைந்தாள். அவள் போட்ட ஒட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. "பரவால்லியே, பொம்பள போட்டதா இது?" என்றார் இன்னாசி. பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம். அடுத்த மாதமே அவள் வேலையை விட்டு வந்து சொந்தமாகக் குழி தோண்டினாள்.

புருஷன் லோகநாதன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் துறைமுக வாசலில் வரிசையில் நிற்பான். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசுவதில்லை. அவனுக்குப் பேச இடமும் கிடைப்பதில்லை.

இந்தக் கடலோரத்தில் எந்தக் கார் வாங்கினாலும் உப்புக்காற்று அதன் அடிப்பக்கத்தைத்தான் முதலில் தின்னும். அதிலும் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற கார்களின் சைலன்சர் ஒருநாளும் முழுசாகச் சூடேறாது. உள்ளே சேருகிற தண்ணீர் அங்கேயே தங்கிக் கடைசிப் பெட்டியை உள்ளிருந்து அரித்துவிடும். வண்டிக்குப் பின்னால் தொங்குகிற அந்தப் பெட்டிக்குச் செங்கொடியின் தொழிலில் டப்பா என்று பெயர். பத்துக் கார் வந்தால் ஒன்பதில் டப்பா மட்டும்தான் போயிருக்கும். அதை அறுத்துவிட்டு வேறு வைத்துப் பற்ற வைத்தால் அரை நாள் வேலை. ஆனால் எவனுக்கு அரை நாள் வேலையில் திருப்தி வருகிறது? செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து, "அக்கா, ஃபுல் செட் மாத்திடலாமா? பவர் ஏறுமாமே" என்று கேட்பான். இன்ஜின் வாயில் தொடங்கிப் பின்னால் புகை வெளியேறுகிற முனை வரைக்கும் முழுக் குழாயையும் கழற்றிவிட்டு, பளபளவென்று வேறு ஒன்றை மாட்டுவதுதான் ஃபுல் செட்.

"பவர் ஏறி எங்க போவப் போற? திருவொத்தியூர் ஹைரோட்ல சிக்னலுக்கு சிக்னல் நிக்கற வண்டிக்கு ராக்கெட்டு கேக்குதா? பல்லு ஒண்ணு சொத்தையா கீதுன்னா தாடையவே கழட்டுவியா?" என்பாள். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் வேறு கடைக்குப் போவார்கள். அப்படிப் போகிறவர்களைப் பற்றிச் சாயங்காலம் வரை பேச அவளுக்கு விஷயம் கிடைக்கும்.

அண்ணாச்சி ராசையாவின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து முப்பது வருஷம் முன்பு வந்து, தேரடிக்குப் பக்கத்தில் மொத்த மளிகைக் கடை போட்டவர். பன்னிரண்டு வருஷமாக ஒரே வெள்ளைக் கார். அதை அவர் துடைக்கிற துடைப்பில் பெயின்ட் தேய்ந்து போகாதது அதிசயம். ஒரு காலை அந்தக் காரைப் பட்டறைக்குக் கொண்டு வந்தார். முன் சீட்டில் மகன் வெற்றி. பின் சீட்டில், இடது ஓரமாக, அவர் மனைவி ஆவுடையம்மாள். காரில் அந்த இடத்தைத் தவிர அந்த அம்மாள் வேறெங்கும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

செங்கொடி குழியில் இறங்கி ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டினாள். முன் குழாய், நடுக் குழாய், புகையைச் சுத்தம் பண்ணுகிற உருளை எல்லாம் கணீரென்று இருந்தன. கடைசிப் பெட்டி மட்டும் நசநசத்தது. தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்:

"டப்பா பூட்ச்சு, அண்ணாச்சி. சுத்த டப்பா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, தூக்கிக் கடாசிட்டு வேற வாங்கிப் போடு."

பஞ்சர் கடையில் நின்ற ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் சத்தமாகச் சிரித்தார்கள். ராசையாவின் முகம் கறுத்துவிட்டது.

"யாரைப் பாத்து டப்பாங்குத? பன்னெண்டு வருசமா ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன். இது டப்பாவா? தூக்கிப் போட்டுட்டு வேற கார் வாங்கணுமா? வாய அடக்கிப் பேசு, கேட்டியா!"

அந்த நிமிஷத்திலேயே செங்கொடிக்கு விளங்கிவிட்டது. மனுஷன் காரையே டப்பா என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். "அய்யோ, கார் இல்ல அண்ணாச்சி, பின்னாடி தொங்கற பொட்டி" என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னாளா? சொல்லவில்லை. அவர் கோபம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. கடை முழுக்க டப்பா டப்பாவாக அடுக்கி வைத்து விற்கிறவருக்கு அந்த வார்த்தையில் இத்தனை ரோஷமா என்று ஆட்டோக்காரர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். கார் உறுமிக்கொண்டு போய்விட்டது.

"டப்பாக் கார்" என்ற பேச்சை ஒழித்துக்கட்ட வெற்றி வழி சொன்னான். ஒரு வாரத்தில் அந்தக் காருக்கு ஃபுல் செட் ஏறியது. நகரத்துக்குள் எங்கோ கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு கார்ச் சாமான் கடையில் மாட்டினார்களாம். காலையில் அது காலடிப்பேட்டைக்குள் நுழைந்தால் தூங்குகிற குழந்தைகள் எழுந்து அழும். இழுவையோ போச்சு. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய பாலத்தில் இப்போது முதல் கியரில் முனகியது. ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தது. வெற்றி கெட்டிக்காரன், அதன் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான்.

கழற்றிய பழைய குழாயைக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். வேறு சாமான் தேடிப் போன செங்கொடி அதைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வாங்கி வந்து பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டினாள். "பாத்துக்கோ. கல்லு மாதிரி கீற பைப்பு. டப்பா ஒண்ணுதான் போச்சு. அதுக்கு மொத்தத்தையும் கழட்டி எறிஞ்ச புத்திசாலி யாருன்னு கேளு." கேட்காவிட்டாலும் சொல்வாள். டீக்கடை வரைக்கும் அது பெரிய தமாஷாகிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து வெற்றியே அசடு வழிய வந்து நின்றான். வண்டிக்கு அடியில் டக் டக்கென்று சத்தமாம். அப்பாவுக்குத் தெரியக் கூடாதாம்.

செங்கொடி டார்ச் எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினாள். ஐந்து நிமிஷம் பார்த்தாள். மாட்டியிருந்தது அந்தக் காருக்கான செட்டே இல்லை. வேறு ஏதோ வண்டியுடையதை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள். தொங்கவிட இடம் இல்லாததால் பின் சீட்டுக்கு நேர் கீழே, தரைத் தகட்டில் இரண்டு ஓட்டை போட்டுக் கிளாம்பு மாட்டியிருந்தார்கள். ஓட்டையைச் சுற்றி அடைக்கவும் இல்லை. அதே இடத்தில்தான் இரண்டு குழாய் சேருகிற மூட்டு. நடுவே புகை கசியாமல் தடுக்கிற பேக்கிங் வைக்காமலே போல்ட்டை முறுக்கியிருந்தான் மகராசன். புகையைச் சுத்தம் பண்ணுகிற உருளையும் கிடையாது.

மேலே ஏறி வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"சோக்கா கீது நைனா. இத்த மாட்டுன மேதாவிகிட்டயே போய்க் கேளு. எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த?"

"அக்கா, ஏதாவது பிரச்சனையா?"

"உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு, அந்த டப்பாக்காரி பாத்துட்டுச் சிரிச்சான்னு."

புகை கொஞ்சம் உள்ளே வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை அலறவிட்டுத் திரிகிற பையன், காற்றோடு போய்விடும் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை. பின் சீட்டு அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் துவரம் பருப்பு வாங்க ராசையாவின் கடைக்குப் போனாள். சண்டை போட்ட கடைக்குத்தான் போவாள். வேறு கடைக்குப் போனால் தான் தோற்றுவிட்டதாக ஆகிவிடுமாம். அண்ணாச்சி உள்ளே குடோனில் இருந்தார். ஆவுடையம்மாள் நெற்றியில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் சாய்ந்திருந்தாள். கன்னம் வற்றியிருந்தது. கடை வாசலில் அந்தக் கார். முன்பக்கம் எலுமிச்சை, மிளகாய், கறுப்புக் கயிறு, ஒரு குட்டிப் பூசணி என்று தோரணமே கட்டியிருந்தது.

"இன்னா யக்கா, ஒடம்புக்கு இன்னா?"

"அத ஏன் கேக்க. வாராவாரம் மண்டை பொளக்குது, வாந்தி வருது. போன ஞாயித்துக்கிழம மயக்கமே போட்டுட்டேன். ஸ்கேனு, ரத்தம் எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லங்காவ. சம்பந்தி வீட்டுல யாரோ செய்வினை வச்சிட்டாவன்னு இவுக சொல்லுதாவ."

"ஞாயித்துக்கெழமையா? அன்னிக்குத் தாம்பரம் போவீங்கல்ல, பொண்ணு வூட்டுக்கு?"

"ஆமா. அங்க போய் இறங்கி ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சிரும். திரும்பி வரைல மறுபடியும். அவ வீட்டுலதான் ஏதோ இருக்குன்னு…"

செங்கொடி வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ பின்னாடிதானே குந்துவ? கண்ணாடில்லாம் மூடி, ஏசி போட்டு?"

"தூசி ஒத்துக்காதுல்லா. அவுகளும் வெற்றியும் முன்னால இருப்பாவ. அவுகளுக்கு ஒண்ணும் செய்யல, பாரு. எனக்கு மட்டும்தான். நாளைக்கு ஊருல அம்மன் கோயில் கொடைக்குக் கிளம்புதோம். மத்தியானம் ஏறினா விடிய விடிய கார்லதான். அம்மன்கிட்ட போனா எல்லாம் சரியாப் போவும்."

அந்தப் புகையில் நாற்றமே இல்லாத விஷம் ஒன்று உண்டு. ஏசிக் காற்று நேராக அடிக்கிற முன் சீட்டை விடப் பின்னால்தான் அதிகம் தேங்கும். தலைவலியில் தொடங்கும். மூடிய வண்டிக்குள் ராத்திரி முழுக்கத் தூங்கினால் தூக்கத்திலேயே முடித்துவிடும். மிளகாயையும் பூசணியையும் கட்டித் தொங்கவிட்ட இந்த மனுஷர்களைப் பார்க்கச் செங்கொடிக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேதான் கத்தினாள்.

"அந்தக் கார்ல ஏறாத யக்கா! செய்வினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தக் கார்தான் உன்னக் கொல்லுது!"

ராசையா குடோனிலிருந்து வேகமாக வெளியே வந்தார்.

"வந்துட்டியா? அன்னைக்கு என் காரை டப்பான்ன. இன்னைக்குக் கொல்லுதுங்குத. சைலன்சர் வேலை உனக்குக் கிடைக்கலங்குற எரிச்சல்ல பேசுத. போ, கடைய விட்டு வெளிய போ."

"அண்ணாச்சி, சொன்னாக் கேளு. தரையில ஓட்ட கீது, புகை உள்ள வருது…"

"முன்னால உக்காந்துருக்க எனக்கு ஏன் வரல? எம்மவனுக்கு ஏன் வரல? போம்மா."

வெற்றி வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் தவ்ஃபீக் பாய் வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் கடை கடையாகச் சாம்பிராணி போடுகிறவர். ஒரு கையில் புகைகிற தூபக்கால், இன்னொரு கையில் மயிலிறகு விசிறி. போன வாரம் காரின் நாலு கதவையும் திறந்து, திருஷ்டி போகப் புகை காட்டியதும் அவர்தான்.

செங்கொடி தூபக்காலைப் பார்த்தாள். கடை மூலையில் மூட்டைத் தூசி ஊதுகிற புளோயரைப் பார்த்தாள். பிறகு ராசையாவைப் பார்த்து, காலடிப்பேட்டை அதுவரை கேட்காத குரலில் சொன்னாள்:

"அண்ணாச்சி, உன் காருக்கு ஒருவாட்டி சாம்பிராணி போட்டுக்கறேன். அப்பால நான் இந்தப் பக்கமே வர மாட்டேன். உன் கால்ல வோணும்னாலும் வுழறேன்."

அவள் கெஞ்சியதில் ராசையா திகைத்துவிட்டார். கல்லாவிலிருந்து கார் சாவியை எடுத்து நீட்டினார்.

காரின் கண்ணாடிகளை ஏற்றிக் கதவை அடைத்தாள். ஈரச் சாக்கைச் சைலன்சர் முனையில் திணித்து, அதன் நடுவே புளோயரின் வாயைச் செருகினாள். "பாய், தூபக்கால இப்டி காத்து இழுக்கற பக்கம் புடி. நெறையப் போடு."

"சைலன்சருக்கா? ஏம்மா, நாப்பது வருசத்துல இப்டி ஒரு எடத்துக்கு நான் போட்டதில்லயே!"

"போடு பாய். உன் சாம்பிராணி இன்னிக்குதான் உருப்படியா ஒரு வேல செய்யப் போவுது."

புளோயர் ஊதியது. கடைக்கு வந்தவர்கள், எதிர்ப்பக்கத்துப் பூக்காரி, ஆட்டோக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள். அப்புறம் பின் சீட்டின் இடது ஓரத்தில், ஆவுடையம்மாள் போன ஞாயிறு விட்டுவிட்டு வந்த துண்டு கிடந்த இடத்தில், மெத்தைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு எழும்பியது. அது தடித்தது. துண்டு மறைந்தது. சீட்டு மறைந்தது. பின் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. முன்பக்கம் ஸ்டியரிங்கும் பிள்ளையார் ஸ்டிக்கரும் தெளிவாகத் தெரிந்தன.

ராசையா கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு உள்ளேயே பார்த்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்து அழுதுவிட்டார்.

மறுநாள் காலை அந்தக் காரைத் தள்ளியே கொண்டு வந்தார்கள். செங்கொடி ஃபுல் செட்டைக் கழற்றித் தெருவில் எறிந்தாள். சுவரில் மாட்டியிருந்த பழைய குழாயை இறக்கினாள். புது டப்பா ஒன்றை அதில் பற்ற வைத்தாள். தரையிலிருந்த இரண்டு ஓட்டைக்கும் தகடு வைத்து அடைத்தாள். பேக்கிங் வைத்து மூட்டுகளை இறுக்கினாள். வேலை நடக்கும்போது வெற்றியையும், அந்தக் கண்ணாடிக் கடைக்காரனையும், பவர் ஏறும் என்று வீடியோ போடுகிறவர்களையும் வாய் ஓயாமல் திட்டினாள். "டப்பான்னா இதுதான் அண்ணாச்சி, இந்தப் பொட்டி. உன் கார் இல்ல" என்று தட்டிக் காட்டினாள். ராசையா தலையாட்டினார். கூட்டம் அவளை மெச்சியது. "செங்கொடி இல்லன்னா இன்னா ஆயிருக்கும்!" என்று பஞ்சர் கடைக்காரன் நாலு தடவை சொன்னான்.

ஆவுடையம்மாள் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசையா டீ வாங்கப் போனதும் செங்கொடியைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். வாசல்ல நின்னுக்கிட்டே தரையில ஓட்ட இருக்குன்னு சொன்னல்லா? நீ கீழ குனிஞ்சு பாக்கவே இல்லியே. எப்படித் தெரியும்?"

செங்கொடி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். வெற்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முன்னாடியே பாத்தேன் யக்கா. இவன் இட்டாந்தான். கீழ எறங்கிப் பாத்தேன்."

"எப்ப?"

"போன மாசம்."

"பாத்துட்டு?"

"சிரிச்சேன் யக்கா."

ஆவுடையம்மாள் கோபப்படவில்லை. மடியிலிருந்த கையை எடுத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நாலு ஞாயித்துக்கிழம" என்றாள்.

"ஆமா யக்கா. நாலு."

ராசையா டீயோடு வந்தார். முதல் கிளாஸைச் செங்கொடியிடம்தான் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.